கணக்கு அழிக்கிற அக்கா

அலுவலகத்தில் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வரவு செலவு எழுதுகிறவள் என்று நினைத்தால் தப்பு. அந்தப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. இவள் உட்கார்ந்திருந்தது மூன்றாம் மாடியில், சர்வர் அறையை ஒட்டின ஜன்னலோர மேஜையில், நாள் முழுக்க ஏசி இரைச்சலுக்கு நடுவே. நகரத்தின் குடிநீர், வடிகால் வேலைகளைப் பார்க்கிற அலுவலகம் அது. அங்கே ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வருக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. புதிதாக ஆள் சேர்ந்தால் அவர் பெயரில் கணக்கு திறப்பாள். வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கை அழிப்பாள். அதனால் கணக்கக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

இந்தப் பெயரால் வீட்டில் ஒரு தொல்லை வந்தது. நாத்தனார் வருஷா வருஷம் வருமான வரிக் காகிதங்களை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "நீங்கதான் கணக்கு டிபார்ட்மென்ட் ஆச்சே அண்ணி." இது வேற கணக்கு என்று இரண்டு வருஷம் விளக்கிப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் வாய் வலித்துப்போய், உட்கார்ந்து பூர்த்தியும் செய்து கொடுத்துவிட்டாள். அது சரியாகவும் இருந்து தொலைத்தது. அப்புறம் தப்பிக்க வழியே இல்லை.

இயல்பிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், நிதானமான மனுஷன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவள் ஓடிப்போய் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கவலைப்படறதுக்குன்னே உன்னைச் சம்பளத்துக்கு எடுத்தாங்களோ என்னவோ" என்பார்.

அது ஒரு வகையில் உண்மைதான். கணக்கை அழிப்பது ஒரு வரி வேலை. யூசர்டெல் என்று ஒரு கட்டளை, கோப்புகளையும் சேர்த்து எடுக்க ஓர் 'ஆர்', பக்கத்தில் ஆள் பெயர், ஒரு தட்டு. அந்த ஆளும் அவர் சேர்த்துவைத்த கோப்புகளும் இருந்த சுவடு தெரியாமல் போய்விடும். 'நிச்சயமாகத்தானா' என்று ஒரு கேள்வி கூட வராது. அந்த மௌனம்தான் அவளுக்குப் பயம். அதனால் அவளுக்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தாள். முதலில் பாஸ்வேர்டை மட்டும் பூட்டுவாள். சில வாரம் அப்படியே விட்டு, யாராவது 'ஐயோ அது எங்கே, இது எங்கே' என்று வருகிறார்களா பார்ப்பாள். அந்த ஆள் பெயரில் ஏதாவது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவாள். கோப்புகளை ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பாள். அப்புறம்தான் அழிப்பாள், அதுவும் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துவிட்டு.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவருக்கும் மேலே யாரோ அவசரப்படுத்தினார்கள். பாதுகாப்புத் தணிக்கைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அவர் நேராக மூன்றாம் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"அக்கா, போனவங்க கணக்கு எத்தனை இன்னும் உயிரோட இருக்கு?"

"பூட்டி வெச்சிருக்கேன் சார். கொஞ்ச நாள் பார்த்துட்டு..."

"பூட்டறதெல்லாம் பத்தாது. நாளைக்கு அவங்க வந்து பார்க்கும்போது போன ஆள் ஒருத்தர் பேர் கூட இருக்கக் கூடாது. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள முடிச்சிருங்க. நகல் கிகல்னு எதையும் வெச்சுக்காதீங்க. அதுவும் கேள்வி கேப்பாங்க."

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு கணக்காகத் திறந்து, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்து, நகல் எடுத்து, அழித்தாள். நகல் எடுத்தது மேனேஜருக்குத் தெரியாது. பழைய டிஸ்க் ஒன்றில் போட்டு, இழுப்பறையில் துண்டுக்கு அடியில் வைத்தாள்.

அன்று போனவற்றில் ரேடியோவின் கணக்கும் ஒன்று. ரேடியோ என்பது வாய் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் வந்த பெயர். சென்சார், மோட்டார், ஒயர் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். பழைய மேனேஜரோடு ஒரு நாள் வராந்தாவிலேயே கத்திச் சண்டை போட்டுவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் கணக்கை அழிக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. உள்ளே தேடினாள். தானாக ஓடுகிற வேலை எதுவும் அவர் கணக்கில் இல்லை. பெயரைப் படித்தாள், தட்டினாள். போயிற்று.

மறுநாள் விடியும்போதே மழை. ஊருக்குள் சுமாராகத்தான் பெய்தது, மலைப்பக்கம்தான் கொட்டுகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அலுவலகத்துக்கு வந்து குடையை விரித்துக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தாள். தணிக்கைக்காரர்கள் வந்து மேனேஜர் அறையில் இருந்தார்கள். அவளை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களோ என்கிற பயத்தில் தண்ணீரைக் குடித்துக் குடித்து, போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள்.

பதினொரு மணி வாக்கில் தம்பி போன் பண்ணினான். ஆற்றை ஒட்டின பள்ளத்தெருவில் அவனுக்கு வீடும் சைக்கிள் ரிப்பேர் கடையும். கீழே கடை, பின்னால் குடித்தனம்.

"அக்கா, மாமா கடையில பழைய கண்ணாடி ஃப்ரேம் இருந்தா கேட்டு வையேன். இவ தன் கண்ணாடி மேலயே உக்காந்து உடைச்சுட்டா."

"சரி சொல்றேன். அங்க மழை எப்படி?"

"தூறல்தான். ஆத்துல தண்ணி கொஞ்சம் சிவப்பா போகுது. மெசேஜ் எதுவும் வரலை. வந்தா சாமானைத் தூக்கிப் பரண்ல போடலாம்னு பார்த்துட்டே இருந்தேன். வரலைன்னதும் கடையைத் திறந்துட்டேன்."

போனை வைத்த பிறகு அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அலுவலகத்துக்குப் பின்னால் ஓடுகிற பெரிய வடிகால் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. வழக்கமாகக் கீழே எங்கேயோ கிடக்கும். இப்போது கரையோடு கரையாக நின்றது, ஓடவில்லை. ஆறு வாங்கிக்கொள்ளாவிட்டால்தான் அது இப்படி நிற்கும்.

ஆறு அவ்வளவு ஏறியிருந்தால் பள்ளத்தெருவுக்கு மெசேஜ் போயிருக்க வேண்டும். பாலத்தடியில் ஒரு சென்சார் உண்டு. தண்ணீர் தூணில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தொட்டால் தாழ்வான தெருக்காரர்கள் எல்லோருக்கும் போனில் ஒரு வரி போகும். நாலைந்து மழைக்காலமாக அப்படித்தான். அது பம்ப் ஹவுஸ் மெஷினிலிருந்து போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதைச் செய்து வைத்தது யார்?

அந்தக் கேள்வி மனசில் வந்த மாத்திரத்தில் பதிலும் வந்துவிட்டது. ரேடியோ.

சர்வருக்குள் க்ரான் என்று ஒன்று உண்டு. கடிகாரம் பார்த்து வேலை ஏவுகிற வேலைக்காரன். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ஒரு கால அட்டவணை வைத்திருப்பான். ரேடியோவின் அட்டவணையை அவள் நேற்றே பார்த்திருந்தாள், காலியாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு அட்டவணை உண்டு. அதில் 'இந்த வேலையை இன்னார் பெயரில் ஓட்டு' என்று எழுதி வைக்கலாம். நேற்று அந்தப் பொது அட்டவணையை அவள் திறக்கவே இல்லை. அவசரத்தில் அது தோன்றவே இல்லை.

இப்போது திறந்தாள். நடுவில் இருந்தது. ஆற்று மட்டம் பார்க்கிற வேலை, ரேடியோ பெயரில். பதிவுகளைப் பார்த்தாள். 'இந்தப் பெயரில் யாரும் இல்லை.' கால் மணிக்கு ஒரு தடவை, நேற்றுச் சாயந்திரத்திலிருந்து, அதே ஒரு வரி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. மெஷின் தன்னால் முடிந்த வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

பாலத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி எங்க நிக்குதுண்ணே?"

"மஞ்சள் கோட்டை எப்பவோ தாண்டிடுச்சு மேடம். சிவப்புக்கு ஒரு சாண் இருக்கும். உங்களுக்குத் தெரியாமயா? காலையிலேயே மெசேஜ் போயிருக்குமே."

போனை வைத்தாள். அடுத்தது தம்பி.

"கடையை மூடு. பாப்பாவையும் அவளையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு அனுப்பிடு. நீ போய்த் தெருவுல வீடு வீடாக் கதவைத் தட்டு."

"என்னக்கா விளையாடறியா? மெசேஜே வரலையே."

"மெசேஜை நான்தான் அழிச்சுட்டேன்டா. எப்படின்னு அப்புறம் கேளு. ஓடு."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஷட்டர் இறங்குகிற சத்தம் போனிலேயே கேட்டது.

ஆனால் ஒரு தெரு இல்லையே. பள்ளத்தெருவைப் போல ஆற்றோரமாக இன்னும் எத்தனையோ சந்து. யார் யாருக்கு மெசேஜ் போக வேண்டும் என்கிற எண்களெல்லாம் ரேடியோவின் கோப்புகளோடு போய்விட்டன. அவள் எழுந்து மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே தணிக்கைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கொஞ்சம் வெளியில வரீங்களா."

வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்போதான் எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க மறுபடி அந்த ஆள் கணக்கைத் திறந்தீங்கன்னா..."

"திறக்கணும் சார். வேற வழியில்ல."

"கோப்பெல்லாம்தான் போயிடுச்சே?"

"நகல் இருக்கு." அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க வேண்டாம்னீங்க. நான் எடுத்து வெச்சேன்."

அவர் அவள் பின்னாலேயே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

துண்டை விலக்கி டிஸ்க்கை எடுத்தாள். செருகினால் 'டிக், டிக்' என்று சாகப்போகிற மாதிரி சத்தம் போட்டது. பழைய டிஸ்க். புது டிஸ்க் கேட்டு எழுதி நாளாயிற்று. "என்னாச்சு, வருதா" என்று மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவைக்கு அது மூச்சு விட்டுக் கோப்புகளைக் காட்டியது. ரேடியோ பெயரில் மறுபடி கணக்கு திறந்தாள். மெஷினுக்கு ஆள் பெயரைவிட எண்தான் முக்கியம். ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. பழைய எண்ணையே கொடுக்காவிட்டால் கோப்புகள் யாரோ அந்நியருடையவை என்று அது நினைத்துக்கொள்ளும். எண்ணைத் தேடிக் கொடுத்தாள். கோப்புகளை இறக்கினாள். வேலையைக் கையாலேயே ஓட்டினாள்.

திரையில் ஒரே ஒரு பதில் வந்தது. மெசேஜ் அனுப்பும் பெட்டி பூட்டியிருக்கிறது, திறக்கும் சொல்லைக் கொடு.

பாலத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிற பெட்டி அது. சர்வர் ரொம்ப நேரம் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்தால், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தானே பூட்டிக்கொள்ளும்படி ரேடியோ செய்து வைத்திருந்தார். கெட்டிக்காரத்தனம்தான். திறக்கும் சொல் எந்தக் கோப்பிலும் இல்லை.

"அவருக்குப் போன் பண்ணுங்க" என்றார் மேனேஜர்.

அவர் எண் அவளிடம் இருந்தது. கூப்பிடத்தான் கை வரவில்லை. போனவர் போன பிறகு அவள் ஒரு நாள் கூட எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி அடித்தது. பின்னால் மரம் அறுக்கிற சத்தத்தோடு குரல் வந்தது. மரக்கடையில் பில் போடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"ரேடியோ அண்ணா, கணக்கக்கா பேசறேன்."

"சொல்லு கணக்கு. என்ன அதிசயம்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பேச்சை நிறுத்தவே தெரியாத மனுஷன் பேசாமல் இருந்தது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மரம் அறுக்கிற சத்தம் மட்டும் வந்தது, நின்றது.

"அப்போ என்னை அழிச்சாச்சு."

"அண்ணா..."

"ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, அதுல இது ஓடுதுன்னு. ஒரு வார்த்தை. யாருக்கும் தோணலை."

"தோணலைண்ணா. தப்புதான். தண்ணி சிவப்புக் கோட்டுக்கிட்ட வந்துடுச்சு."

"தெரியுது, தெரியுது." குரல் மாறியது. "சொல்லைச் சொல்றேன். நீ மட்டும்தான் இருக்கியா?"

அவள் பின்னால் பார்த்தாள். மேனேஜர் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்கிறாரா, ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாரா புரியவில்லை.

"மேனேஜரும் இருக்கார்ணா."

"எந்த மேனேஜர்?"

"புது மேனேஜர்."

"சரி, அவரைச் சொல்லலைன்னு அவர்கிட்ட சொல்லிடு. அது பழைய ஆளைப் பத்தினது. எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி கிடையாது. மேனேஜர் எருமை."

புது மேனேஜர் குனிந்து, ரொம்பப் பொறுப்பாக, போனைப் பார்த்துக் கேட்டார்: "எருமையில 'யு' ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் சார்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் வாரக்கணக்கில் சிரித்திருப்பாள். அன்றைக்கு அந்த வார்த்தையை அடிக்கும்போது ஒரே ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிடுமோ என்றுதான் பார்த்துப் பார்த்து அடித்தாள். பெட்டி திறந்தது. எண்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மேஜைமேல் கிடந்த அவளுடைய போனும் ஒரு தடவை அதிர்ந்தது. தம்பி எண்ணோடு அவள் எண்ணையும் ரேடியோ எப்போதோ சேர்த்துவிட்டிருந்தார். 'ஆற்று மட்டம் உயர்கிறது. உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.' காலையிலேயே வந்திருக்க வேண்டிய வரி.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. கையில் வேலை இருந்த வரைக்கும் தாங்கிக்கொண்டாள். இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி எடுத்தாள், பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறோம், அவர் இன்னும் வரவில்லை என்றாள். மறுபடி தம்பிக்கு. மணி அடித்து அடித்து நின்றது. கீழ்த்தளத்திலிருந்து யாரோ ஆற்றுத் தண்ணீர் சாலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். புருஷன் கூப்பிட்டு, "நான் போய்ப் பார்க்கட்டுமா" என்றார். வேண்டாம் என்றாள், உடனே போங்கள் என்றாள், மறுபடி வேண்டாம் என்றாள். அவர் அதற்குள் கடையை விட்டு இறங்கியிருந்தார்.

சாயந்திரமாகிற நேரத்தில்தான் தம்பி பேசினான். குரல் கட்டிப்போயிருந்தது. "மாமாவும் நானும் கடைசி சந்துல இருந்து ஒரு தாத்தாவைத் தூக்கிட்டு வந்தோம்க்கா. வழுக்கி விழுந்து மணிக்கட்டு போயிடுச்சு அவருக்கு. மத்தவங்க எல்லாரும் மேல வந்துட்டாங்க. தண்ணி என் கடைக்குள்ள முழங்கால் அளவு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டான். "நீ ஏதாவது சாப்பிட்டியா?"

அப்போதுதான் அவள் அழுதாள்.

யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேதம் இல்லாமல் இல்லை. காலையிலேயே மெசேஜ் வந்திருந்தால் தூக்கி வைத்திருக்கக்கூடியவை நிறையப் போயின. பள்ளத்தெருக் கடைசியில் ஒரு தையல்காரம்மா இருந்தார். தைத்த துணிகளைக் கொடுக்க ஊருக்கு மறுகோடிக்குப் போயிருந்தவர், திரும்பும்போது தெருவுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. மூன்று தையல் மெஷினின் மோட்டாரும் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிப்போயின.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வாசகம் தயாராக இருந்தது. கணக்கக்கா எழுந்து, கோளாறு இல்லை, கணக்கை அழித்தது நான், பொது அட்டவணையைப் பார்க்காமல் அழித்தேன் என்றாள். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. மேனேஜர் குனிந்த தலை நிமிராமல், "ஒரே நாள்ல முடிக்கச் சொன்னது நான்" என்றார். அவருக்கும் ஒன்று வந்தது. அதற்கப்புறம் அவர் அவளை அவசரப்படுத்தியதில்லை. கொஞ்ச நாள் எதைக் கேட்டாலும், "உங்க நடைமுறைப்படியே பண்ணுங்க" என்று பயந்து பயந்து சொன்னார்.

தண்ணீர் வடிந்ததும் அவள் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். தம்பி வேண்டாம் என்றான், போனால் திட்டுவார் என்றான். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. அந்தம்மா வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். எது எதனால் ஆனது என்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அந்தம்மா பாதியிலேயே புரிந்துகொண்டார் போலிருந்தது.

"மெசேஜ் வரலைன்னுதான் நான் வெளிய போனேன்."

"தெரியும்மா."

"வந்திருந்தா போயிருக்க மாட்டேன். இதுங்களைப் பரண்ல ஏத்தியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கை கொடுத்திருப்பான்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மழைக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"வரும்."

"எப்படிச் சொல்ற?"

"தினமும் காலையில ஓடுதான்னு நானே பார்க்கறேம்மா" என்றாள். அந்தம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி மோட்டாருக்குத் திரும்பினார். ஒரு மோட்டார் பிழைத்தது, இரண்டு பிழைக்கவில்லை. புருஷன் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் அந்த இரண்டையும் பார்க்கச் சொன்னார். பயனில்லை.

ஆற்று வேலையை எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத ஒரு தனிக் கணக்குக்கு மாற்றினார்கள். வேலையை விட்டுப் போகாத, சண்டை போடாத, சாகாத கணக்கு. பெட்டியின் சொல்லையும் மாற்றினாள், மேனேஜர் அதைக் கொஞ்சம் அவசரமாகவே செய்யச் சொன்னார். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்த பிறகு, திரும்பத் திறந்திருந்த ரேடியோவின் கணக்கை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. அன்று முதலில் போனை எடுத்தாள்.

"அண்ணா, உங்க கணக்கை எடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி சொல்லலாம்னு."

"ரெண்டாவது தடவை" என்றார் ரேடியோ. அன்றைக்குப் பழைய ரேடியோவாக இருந்தார், மரக்கடை முதலாளியைப் பற்றி, தேக்கைப் பற்றி, முட்டி வலியைப் பற்றியெல்லாம் பேசினார். நடுவில், பழைய பம்பு ஒன்றைப் பற்றித் தான் எழுதி வைத்திருந்த குறிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி, அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். "மத்ததெல்லாம் குப்பை. அழிச்சுத் தள்ளு."

அதிலிருந்து அது அவள் நடைமுறையில் சேர்ந்துவிட்டது. யார் கணக்கானாலும் ஒரு போன். சிலர் எந்தக் கணக்கு என்று கேட்பார்கள். ஒருவர் வேறு ஊரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார், "இதுக்கெல்லாம் போனா" என்று வைத்துவிட்டார். ஓய்வு பெற்ற ஒருவர் அரை மணி நேரம் பேசினார், எல்லாம் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். அலுவலகத்தில் கேலி பண்ணினார்கள். "கணக்கக்கா துக்கம் விசாரிக்கறாங்க" என்றார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கட்டளையை அடித்துவிட்டு, தட்டுவதற்கு முன்னால் இன்னமும் பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

போன வருஷம் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் ஒருவர் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நல்ல வயசு. அவர் கணக்கை உடனே எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. காலம் தாழ்த்திக்கொண்டே வந்து, ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டாள். மனைவி எடுத்தார். இவள் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்: அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருக்கென்று ஒரு இடம் இருந்தது, அதை மூட வேண்டும், உங்களுக்குச் சொல்லாமல் செய்ய வேண்டாம் என்று பார்த்தேன்.

"அதுல எங்களுக்குன்னு ஏதாவது இருக்கா?"

"தேடிப் பார்த்தேம்மா. மோட்டார் ஓடின நேரம், ஷிப்ட் குறிப்பு, அவ்வளவுதான்."

"அப்படியா." பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "இப்போவே பண்ணப் போறீங்களா?"

"நீங்க சொன்னா இப்போ. இல்லன்னா அடுத்த வாரம் பண்றேன். அவசரமே இல்ல."

"இருங்க, டிவியை நிறுத்திட்டு வரேன்."

அவர் போகிற சத்தம் கேட்டது. கணக்கக்கா அந்த இடைவெளியில் பொது அட்டவணையை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். அவர் பெயர் எங்கேயும் இல்லை. மறுபடியும் பார்த்தாள். டிவி நின்றது. நாற்காலி இழுபடுகிற சத்தம்.

"சரிம்மா, உக்காந்துட்டேன்" என்றார் அந்தம்மா. "பண்ணுங்க."

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பெயரை ஒவ்வொரு எழுத்தாக அந்தம்மாவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் தட்டினாள்.